கண் பிரஷரை ராத்திரி பகலா பாக்குற லென்ஸ்: வாங்கலாமா?

ஏப்ரல் 7, 2024 | ராணிப்பேட்டைல இருந்து ஒரு வாசகர் கேட்டது

அண்ணா, எங்க அப்பாவுக்கு 61 வயசு. ரெண்டு வருஷமா கண் பிரஷருக்கு சொட்டு மருந்து போடுறாரு. செக்கப் போறப்பலாம் 17, 18னுதான் வருது, நல்லா இருக்குனு அனுப்பிடுறாங்க. ஆனா இந்த வாட்டி ஃபீல்ட் டெஸ்ட்ல, அதான் சுத்தி எவ்வளவு தூரம் பார்வை தெரியுதுனு பாக்குறதுல, கறுப்பு கொஞ்சம் கூடியிருக்குனு சொன்னாங்க. பிரஷர் நார்மல்னா கறுப்பு எப்படி கூடும்? கண்ணுல போடுற லென்ஸ் ஒண்ணு வந்திருக்காம், சுகருக்கு கையில ஒட்டுறாங்களே அதுமாதிரி 24 மணி நேரமும் பிரஷர் காட்டுமாம், வீடியோல பாத்தேன். அதை வாங்கிட்டா அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அலைய வைக்க வேணாம் இல்ல?

ஏப்ரல் 7, ராத்திரி 9.40

தம்பி, சுகர் பேட்ச் மாதிரினு நெனச்சிகினு பணம் கட்டிடாதீங்க. சுகர் பேட்ச் 140, 180னு நம்பர் சொல்லும். இந்த லென்ஸ் பிரஷர் நம்பரே சொல்லாது.

நான் சிப்காட்ல ஒரு கம்பெனில காலிப்ரேஷன், அதாவது அளக்குற கருவி சரியா காட்டுதானு பாக்குறவன், எனக்கும் கண் பிரஷர் நோய், கிளாக்கோமானு சொல்வாங்களே அது இருக்கு, அதனால இந்த விஷயத்தை ரெண்டு பக்கமும் நின்னு பாத்திருக்கேன். நீங்க பாத்த லென்ஸ் பேரு ட்ரிக்கர்ஃபிஷ், சுவிட்சர்லாந்துல லோசான் ஊர்ல ஆரம்பிச்ச சென்சிமெட் கம்பெனியோடது. சாதா சிலிகான் சாஃப்ட் லென்ஸ் மாதிரிதான், ஆனா ஓரத்துல வட்டமா மெல்லிசா பிளாட்டினம் டைட்டானியத்துல ஸ்ட்ரெயின் கேஜ், அதாவது இழுபட்டா கரண்ட் தடை மாறுற இழை பதிச்சிருப்பாங்க. ரெண்டு கேஜ் இழுபடுறதை பாக்கும், இன்னும் ரெண்டு சூடு குளிருனால வர்ற மாத்தத்தை கழிக்கறதுக்கு. நாலையும் சேத்து, துளி மாத்தத்தையும் காட்டுற பிரிட்ஜ்ங்குற சர்க்யூட்டா கட்டியிருக்காங்க. நான் முதல்ல அந்த படத்தை பாத்தப்ப அசந்துட்டேன், நாங்க லோடு செல்லுக்குள்ள, அதான் எடை மேடை சென்சாருக்குள்ள தினமும் பாக்குற அதே கட்டு, அதை ஒருத்தர் கருவிழி மேல உக்கார வச்சிருக்காரு. பிரஷர் ஏறுனா கருவிழியும் வெள்ளை விழியும் சேர்ற அந்த விளிம்பு ஒரு துளி விரியும், கேஜ் இழுபடும், ரெசிஸ்டன்ஸ் மாறும். லென்ஸ்ல பேட்டரி கிடையாது, கண்ணை சுத்தி முகத்துல ஸ்டிக்கர் மாதிரி ஒரு ஆன்டெனா ஒட்டுவாங்க, அதுதான் கரண்ட்டும் குடுக்குது, டேட்டாவும் வாங்குது. அதுல இருந்து ஒரு ஒயர், கழுத்துல மாட்டிக்குற டப்பாவுக்கு போகும். 5 நிமிஷத்துக்கு ஒருக்கா 30 செகண்ட் எடுக்கும், ஒரு நாளைக்கு 288 வாட்டி. தூங்குறப்பயும் எடுக்கும்.

எல்லாம் சரி, கடைசில வர்றது மில்லிவோல்ட் கிராஃப். டாக்டருங்க 17, 18னு சொல்ற அளவுல, அதாவது மில்லிமீட்டர் பாதரசத்துல வராது. எடை மேடைல லாரி ஏறுனா டிஸ்ப்ளே ஏறும், இறங்குனா இறங்கும், ஆனா தெரிஞ்ச எடைக்கல்லை வச்சு ஒருக்கா செட் பண்ணாம எத்தன டன்னுனு யாரும் பில் போட முடியாது இல்லையா? இங்க அந்த எடைக்கல்லு கெடையாது. ஒவ்வொருத்தர் கருவிழியும் ஒரு தடிமன், ஒரு விறைப்பு. அதனால உங்க அப்பாவுக்கு பிரஷர் எப்போ ஏறுது, எப்போ இறங்குதுனு அது காட்டும். எவ்வளவுங்குறதை காட்டாது.

ஏப்ரல் 7, ராத்திரி 10.25

இன்னொண்ணு. அமெரிக்கால மருந்து, கருவிக்கெல்லாம் அனுமதி குடுக்குற எஃப்டிஏ இதுக்கு 2016ல அனுமதி குடுத்தப்பவே எதுக்குன்னு எழுதிதான் குடுத்தாங்க: அதிகபட்சம் 24 மணி நேரம் போட்டு, பிரஷர் எந்த நேரத்துல உச்சிக்கு போகுதுனு கண்டுபிடிச்சு, அந்த நேரத்துல வழக்கமான மெஷின்ல பிரஷர் எடுக்கறதுக்கு. அப்போ லென்ஸ் போட்டாலும் திரும்ப மெஷின்கிட்ட போய் தாடையை வச்சுதான் ஆகணும். டாக்டர்தான் போடணும், டாக்டர்தான் எடுக்கணும், ஒரு லென்ஸ் ஒரே வாட்டி. கண்ணாடிக் கடையில கேட்டு வாங்குற சாமான் இல்ல.

ஏப்ரல் 8, காலை 6.15

உங்க கேள்வில முக்கியமான பாதிக்கு நேத்து பதில் சொல்லல. பிரஷர் நார்மலா இருக்கும்போதே ஃபீல்ட் எப்படி கெடும்?

எனக்கும் அதேதான் ஆச்சு. ஓபிக்கு எப்போ போனாலும் சீட்டு போட்டு, கண்ணு பவர் பாத்து, வரிசைல உக்காந்து, நம்ம பேரு கூப்புடுறப்போ மணி பத்தரை பதினொண்ணு ஆயிடும். அந்த நேரத்துல 16, 17. ரெண்டு வருஷம் அதே நேரம் அதே நம்பர். ஆனா இடது கண்ணுல மூக்குப் பக்கம் மேல ஒரு திட்டு கறுப்பு விழுந்துகினே வந்துச்சு. அப்புறம் ஒரு டாக்டரம்மா, இவரை பெட்டுல போட்டு நாள் முழுக்க எடுங்கனு எழுதுனாங்க. ராத்திரியும் எழுப்பி எடுத்தாங்க. விடியக்காலை 5 மணிக்கு, கால் தரையில படறதுக்கு முன்னாடி படுத்தவாக்குலயே கைல புடிக்கற மெஷின்ல எடுத்தப்ப 25. அதே கண்ணு, அன்னைக்கே பதினொரு மணிக்கு 17. அந்த சார்ட்டை இன்னமும் ஃபைல்ல வச்சிகினு இருக்கேன், எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல அதைத்தான் காட்டுவேன்.

காரணம் இருக்கு. யாருக்குமே கண் பிரஷர் ஒரே இடத்துல நிக்காது, நல்ல கண்ணுலயே ஒரு நாள்ல 3ல இருந்து 6 வரைக்கும் ஏறி இறங்கும், இந்த நோய் இருந்தா அதை விட கூட. படுத்தா எல்லாருக்கும் ஏறும், அதனால நெறைய பேருக்கு உச்சி வர்றதே தூக்கத்துலதான். அது மட்டுமில்ல, நார்மல்னு சொல்ற 21க்குள்ள பிரஷர் இருந்தாலும் பார்வை நரம்பு கெடுறவங்களும் இருக்காங்க. கருவிழி மெலிசா இருந்தா மெஷின் குறைச்சு காட்டும், லேசர் போட்டு கண்ணாடியை கழட்டுனவங்களுக்கும் அப்படித்தான். அப்பாவுக்கு கருவிழி தடிமன் எடுத்திருக்காங்களானு ஃபைலை பாருங்க. ஒரு நிமிஷ வேலை, சுமார் 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்கு கொஞ்சம் கூடதான் நடுத்தரம்.

ஏப்ரல் 8, காலை 6.50

மெஷினை நான் குறை சொல்றதா ஒருத்தர் நெனச்சிட்டாரு. இல்லீங்க. ஓபில இருக்குற கோல்ட்மேன் மெஷின் மேல எனக்கு பெரிய மரியாதை. சொட்டு விட்டு மரத்துப் போக வச்சு, மஞ்சள் சாயம் தொட்டு, நீலக் கலர் லைட்டுல ஒரு சின்ன பிளாஸ்டிக் முனை கருவிழியை தொடும். டாக்டருக்கு ரெண்டு பச்சை அரைவட்டம் தெரியும், சக்கரத்தை திருப்பிகினே வந்து ரெண்டும் உள் ஓரத்துல தொட்டுக்குறப்ப படிக்கணும். தட்டையாகுற வட்டம் 3.06 மில்லிமீட்டர். ஏன் அந்த அளவுன்னா அங்கதான் கருவிழியோட விறைப்பும் கண்ணீரோட இழுப்பும் ஒண்ணை ஒண்ணு கழிச்சிக்குது, ஒரு கிராம் அழுத்தம்னா சரியா 10 மி.மீ. கணக்கு வருது. செக் பண்றதுக்கு ஒரு ராடும் கூடவே வரும், 0, 20, 60னு மூணு இடத்துல வச்சு பாக்கணும். 1950கள்ல போட்ட டிசைன், இன்னைக்கும் எல்லா மெஷினையும் அதை வச்சுதான் ஒப்பிடுறாங்க. அதுல குறை ஒண்ணுதான், நாம முழிச்சிகினு உக்காந்திருக்குறப்ப மட்டும்தான் அது நம்மளை பாக்குது.

ஏப்ரல் 9, ராத்திரி 9.05

சோளிங்கர்ல இருந்து ஒருத்தர் கேட்டிருந்தாரு, ராத்திரி ஏறுதுனு தெரிஞ்சு என்ன பண்ணப்போறோம், மருந்து அதேதானேன்னு. அதே இல்லீங்க. டிமோலால் சொட்டு கண்ணுக்குள்ள தண்ணி ஊறுறதை குறைக்கும். தூங்குறப்ப ஊறுறது தானாவே பாதியா குறைஞ்சுடும், அதனால ராத்திரில டிமோலாலுக்கு பெருசா வேலை இல்ல. லேட்டனோப்ராஸ்ட் வேற வழி, தண்ணி வெளிய போற பாதையை நல்லா விடும், ராத்திரியும் வேலை செய்யும். என் சார்ட்டை பாத்துட்டு எனக்கு மாத்துனாங்க. அன்னைலேருந்து ஃபீல்ட் அதே இடத்துல நிக்குது. போனது வரலை, வரவும் வராது. நிக்குது, அது போதும் எனக்கு.

வீசிங் இருக்குறவங்க டிமோலால் போடுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும். கண்ணுல விடுற சொட்டுதானேனு நெனைக்காதீங்க, மூக்கு வழியா ரத்தத்துல போகும், மூச்சு இழுக்கும். சொட்டு விட்டதும் மூக்கு ஓரம் கண் மூலைய ரெண்டு நிமிஷம் அழுத்தி புடிச்சிக்கணும்.

தலைமாட்டை உசத்தி, இடுப்புக்கு மேல 30 டிகிரி சாய்ஞ்சு படுத்தா ராத்திரி பிரஷர் குறையுறதை அளந்து பாத்திருக்காங்க. நான் பெட்டோட தலைமாட்டுக் காலுக்கு கீழ செங்கல் வச்சிருக்கேன். தலையணையை மட்டும் அடுக்குனா கழுத்துதான் மடங்குது.

ஏப்ரல் 11, மதியம் 1.30

வெயிலு. இந்த சூட்டுல சொட்டு பாட்டில எங்க வைக்கறதுனு காட்பாடி அக்கா ஒருத்தங்க நல்ல விஷயம் கேட்டாங்க. லேட்டனோப்ராஸ்ட்ல நெறைய பிராண்டு பிரிக்காத பாட்டில ஃபிரிட்ஜ்லதான் வைக்கணும்னு இருக்கும், பிரிச்சப்புறம் 25 டிகிரிக்குள்ள ஆறு வாரம். நம்ம வேலூர்ல ஏப்ரல் மே மாசம் 25 டிகிரி எந்த வீட்டுலக்கா இருக்கு? ஓட்டு வீட்டுல அலமாரில வச்சா 38, 40 சாதாரணம். அதனால பிரிச்சதையும் ஃபிரிட்ஜ் கதவுலயே வச்சிக்குங்க, ஃப்ரீசர்ல வைக்காதீங்க. கரண்ட் போனா கவலைப்பட வேணாம், கதவை மூடியே வச்சா ரெண்டு மணி நேரத்துல ஒண்ணும் ஆகாது. மெடிக்கல்ல வாங்குறப்ப அவங்க ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து குடுக்குறாங்களா, ரேக்ல இருந்து எடுக்குறாங்களானு கவனிங்க. ஃபிரிட்ஜ்ல வைக்கத் தேவையில்லாத பிராண்டும் இருக்கு, லேபிளை படிச்சிக்குங்க.

சென்சார் பத்தி பேசறதுக்கு முன்னாடி இந்த பாட்டில் சூட்டுல கெட்டுப்போகாம இருக்கணும், தினமும் அதே நேரத்துக்கு விழணும். எனக்கு ரெண்டுமே ஒரே விஷயமாத்தான் படுது.

ஏப்ரல் 12, ராத்திரி 10.10

ஆரணிக்காரர் நாதஸ்வரம் வாசிக்கிறவராம், அவருக்கு கண் பிரஷர் இருக்கு, வாசிக்கலாமானு கேக்குறாரு. ஓபோ, டிரம்பெட் மாதிரி அடைச்சு ஊதுற வாத்தியக்காரங்களை அளந்து பாத்ததுல ஊதுறப்ப பிரஷர் ஏறுது, நிறுத்துனா இறங்குது. நாதஸ்வரமும் அதே மாதிரி மூச்சு கட்டி ஊதுறதுதான். வாசிக்காதீங்கனு சொல்ல நான் யாரு, அது உங்க தொழிலு. கல்யாண சீசன்ல முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் மணிக்கணக்குல ஊதுறதை டாக்டர்கிட்ட வாய்விட்டு சொல்லுங்க, அவங்க கேக்கமாட்டாங்க, நாமதான் சொல்லணும். முடிஞ்சா வாசிச்ச உடனே ஒருக்கா பிரஷர் எடுத்து பாத்துடுங்க.

சிரசாசனம் மட்டும் வேணாம். யோகா பண்றவங்களை வச்சு சென்னைல அளந்தாங்க, 2006ல வந்துச்சு, தலைகீழா நின்னா பிரஷர் ரெண்டு மடங்கு ஆகுது. காலையில வெறும் வயித்துல ஒரு லிட்டர் தண்ணியை ஒரே மூச்சுல குடிக்கறதும் ஏத்தும், டாக்டருங்க அதையே ஒரு டெஸ்ட்டா வச்சிருக்காங்க. தண்ணி நெறைய குடிங்க, கொஞ்சம் கொஞ்சமா குடிங்க.

ஏப்ரல் 14, காலை 8.00

வீட்டுலயே நம்பரோட பாக்க வழியே இல்லையானு கேட்டவங்களுக்கு. இருக்கு. ஃபின்லாந்து கம்பெனி ஐகேர் ஹோம்னு ஒண்ணு போடுது. ஒரு குட்டி ஊசி மாதிரி முனை கருவிழிய தட்டிட்டு துள்ளி திரும்பும், திரும்புற விதத்தை வச்சு பிரஷர் கணக்கு. மரத்துப்போற சொட்டு தேவையில்ல. நெத்தியிலயும் கன்னத்துலயும் முட்டுக் குடுத்து நாமளே எடுத்துக்கலாம். ஹோம் 2னு வந்த புது மாடல்ல படுத்துகினும் எடுக்கலாம். இது மில்லிமீட்டர்லயே சொல்லும், அதனால எனக்கு லென்ஸை விட இதுதான் புடிச்சிருக்கு. ஆனா தூங்குறப்ப எடுக்காது, அலாரம் வச்சு எழுந்தா அது தூக்கம் இல்ல. கை நடுக்கம் இருக்குறவங்களுக்கு வராது.

இன்னொண்ணு ஜெர்மனில ஹானோவர் ஊர் கம்பெனியோட ஐமேட். சென்சாரை ஆபரேஷன் பண்ணி கண்ணுக்குள்ளயே வச்சிடுறாங்க, புரை ஆபரேஷன் பண்றப்ப கூடவே வைக்கற மாதிரி வளையம், ஐரோப்பால 2017ல அனுமதி ஆச்சு. வெளிய ஒரு ரீடரை கண்ணுகிட்ட கொண்டுபோனா உள்ள இருக்குற நம்பர் வரும். வருஷக்கணக்கா வரும். நம்மளை மாதிரி ஆயுசுக்கும் பாத்துகினு இருக்கவேண்டியவங்களுக்கு நியாயமா இதுதான் வரணும்னு எனக்கு ஆசை. நல்லா இருக்குற கண்ணை சென்சாருக்காக மட்டும் கீறணுமாங்குறதுதான் என் மனசு ஒத்துக்காத இடம்.

ஏப்ரல் 14, மதியம் 3.20

ராணிப்பேட்டை தம்பி, இவ்வளவு நாள் உங்ககிட்ட கேக்காத ஒண்ணை கேக்குறேன். உங்க அப்பாவுக்கு ஆங்கிள் பாத்திருக்காங்களா? கண்ணுல ஜெல் போட்டு ஒரு கண்ணாடி லென்ஸை மேல வச்சு திருப்பி திருப்பி பாப்பாங்க, கோனியோஸ்கோபினு ஃபைல்ல எழுதியிருக்கும். கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வெளிய போற மூலை தெறந்திருக்கா, ஒடுங்கியிருக்கானு அதுலதான் தெரியும். எந்த சென்சாரும் அதை சொல்லாது.

நம்ம ஊர்ல இதை நான் ஏன் அழுத்தி சொல்றேன்னா, வேலூர் டவுன்லயே 30ல இருந்து 60 வயசு வரைக்கும் 972 பேரை பாத்து ஒரு சர்வே 1998ல வந்துச்சு. ஆரணி ரோடு ஷெல் கண் ஆஸ்பத்திரி டாக்டருங்க பண்ணது, டாக்டர் ரவி தாமஸ் அதுல ஒருத்தர். இந்த நோய்ல தெறந்த மூலை வகை ஆயிரத்துக்கு 4 பேர், மூடுன மூலை வகை ஆயிரத்துக்கு 43 பேர். அஞ்சு வருஷம் கழிச்சு, மூலை ஒடுங்கியிருந்தவங்கள்ல 50 பேரை திரும்ப கூப்புட்டு பாத்தாங்க, 11 பேருக்கு மூலை மூட ஆரம்பிச்சிருந்துச்சு. இப்படி மூடுறவங்கள்ல நெறைய பேருக்கு வலியே இருக்காது. வலி, வாந்தி, லைட்டை சுத்தி வானவில் வட்டம், இதெல்லாம் வந்தாத்தான் மூடுன மூலைனு நெனச்சிகினு இருக்கோம், சத்தமில்லாம மூடுறதுதான் கூட.

மூலை ஒடுங்குன கண்ணுல, இருட்டுல கண் பாப்பா விரியுறப்ப மூலை இன்னும் அடையும். ஜலதோஷத்துக்கு கடையில குடுக்குற சில மாத்திரையும் பாப்பாவை விரிய வைக்கும். அப்போ ராத்திரி பிரஷர் ஏறுறதுக்கு படுக்குறது மட்டும் காரணமா இருக்காது.

ஏப்ரல் 15, ராத்திரி 9.50

வேற சர்வேல கணக்கு மாறுதேனு திருவண்ணாமலை டீச்சர் அம்மா சொன்னது நியாயம், அதையும் வச்சிக்குங்க. மதுரை அரவிந்த்காரங்க 2003ல போட்ட சர்வேல தெறந்த மூலைதான் கூட, 1.7 சதவீதம், மூடுனது 0.5. யாரை நோயாளினு எண்றதுங்குற அளவுகோல் ஒவ்வொரு சர்வேக்கும் வேற. அதனால வேலூர்க்காரன் கண்ணே வேறனு நான் சொல்ல வரலை. ஆனா எந்த சர்வேய எடுத்தாலும் மூலை பாக்காம சொட்டு மட்டும் எழுதுறது சரினு ஒருத்தரும் சொல்லல.

இன்னொரு கோவம் இருக்கு, சொல்லிடுறேன். கண்ணு செவந்தா மெடிக்கல்ல சொட்டு கேட்டா, ஸ்டீராய்டு கலந்ததை எடுத்து குடுத்துடுறாங்க. ஒரு நாள்ல செவப்பு போயிடும், நல்ல மருந்துனு திரும்ப திரும்ப வாங்குவாங்க. என் மச்சினி பையன் மாசக்கணக்கா அரிப்புக்கு போட்டான், பிரஷர் முப்பதுக்கு மேல போச்சு, இருபத்திரெண்டு வயசு. ஸ்டீராய்டு போட்டா பிரஷர் ஏறுற உடம்பு ஜனங்கள்ல மூணுல ஒரு பங்குக்கு இருக்கு. அட்டையில டெக்சாமெதசோன், பிரெட்னிசலோன், பீட்டாமெதசோன்னு இருந்தா சீட்டு இல்லாம தொடாதீங்க.

ஏப்ரல் 23, ராத்திரி 8.30

தம்பி எழுதுனதை பாத்தேன். ஃபைல்ல கோனியோ எழுதவே இல்ல, வேற டாக்டர்கிட்ட போனீங்க, ரெண்டு கண்ணுலயும் மூலை ஒடுக்கம், லேசர் போடணும்னு சொல்லியிருக்காங்க, அப்பா பயப்படுறாரு. படிச்சிட்டு எனக்கு கைகால் ஓடல, ஏன்னா இது புடிபட்டது பெரிய விஷயம்.

பயப்பட ஒண்ணுமில்லனு அப்பாகிட்ட சொல்லுங்க. கத்தி இல்ல. உக்காந்த மேனிக்கே, கண் பாப்பாவைச் சுத்தி இருக்குற திரையோட ஓரத்துல லேசர்ல ஊசிமுனை அளவு ஓட்டை போடுவாங்க. பின்னாடி தேங்குன தண்ணி அது வழியா முன்னாடி வரும், திரை பின்னுக்கு போகும், மூலை தெறக்கும். சுண்டுற மாதிரி ஒரு வலி இருக்கும், அன்னைக்கு கண்ணு மங்கலா இருக்கும், வண்டி ஓட்ட விடாதீங்க. லேசர் போட்ட ஒரு மணி நேரம் கழிச்சு பிரஷர் பாக்காம அனுப்ப சொல்லி அவசரப்படுத்தாதீங்க, உடனே ஏறுறது உண்டு.

லேசர் போட்டா சொட்டை நிறுத்திடலாமானு கேட்டிருக்கீங்க. டாக்டர் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. நரம்பு ஏற்கெனவே கெட்டிருக்கு, மூலை தெறந்தப்புறமும் பிரஷர் ஏறியே இருக்கறவங்க உண்டு.

ஏப்ரல் 23, ராத்திரி 8.55

லென்ஸ் கேள்விக்கு இப்போ என் பதில்: லேசர் ஆகி ஒரு மாசம் போகட்டும், ஒரு நாள் முழுக்க பிரஷர் எடுக்கற இடத்துல அப்பாவை சேத்து, விடியக்காலை படுத்தவாக்குல ஒண்ணு கண்டிப்பா எடுக்க சொல்லுங்க. அதுல உச்சி கிடைச்சா லென்ஸ் தேவையில்ல. அதுலயும் நல்லாத்தான் இருக்கு, ஃபீல்ட் மட்டும் கெட்டுகினே போகுதுன்னா அப்போ லென்ஸ் கேளுங்க, அந்த இடத்துலதான் அது குடுத்த காசுக்கு வேலை செய்யும். ராத்திரி பிபி மாத்திரை போடுறாராங்குறதையும் கண் டாக்டர்கிட்ட சொல்லுங்க, தூக்கத்துல பிபி ரொம்ப இறங்குனா நரம்புக்கு ரத்தம் போறது குறையும்.

அப்பாவோட கூடப்பொறந்தவங்க எத்தன பேரு? அத்தைங்க ரெண்டு பேரு ஆற்காட்டுல இருக்காங்கனு முன்னாடி எழுதியிருந்தீங்க. பொம்பளைங்களுக்கு மூலை ஒடுங்குறது கூட, வயசும் ஏறியிருக்கும். லேசருக்கு அப்பாவை கூட்டிகினு போற அன்னைக்கே அவங்களுக்கும் ஓபி சீட்டு போட்டுடுங்க, பாப்பா விரிய சொட்டு விடறதுக்கு முன்னாடியே மூலை பாக்கணும்னு கவுன்ட்டர்ல சொல்லுங்க. நீங்களும் நாப்பதை நெருங்குறீங்கன்னா உங்களுக்கும் சேத்து.